உப்புநீர் விளக்கின் முன் எழுந்த கேள்வி: நம்புவதும் அறிவதும் ஒன்றா?

கேள்வி (முள்ளியவளை)
வட்டாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் கடலில் தீர்த்தமெடுத்து, எங்கள் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவது தலைமுறைகளாக வரும் வழக்கம். இம்முறை அந்தச் சுடரின் முன் நின்றபோது, உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் என் மகள், "அம்மா, இது உங்களுக்குத் தெரியுமா, இல்லை நம்புறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். கூப்பிய கையோடு நின்ற எனக்கு விடை வரவில்லை. நம்பிக்கை என்பது குறைபட்ட அறிவா, வேறொன்றா?

பதில் (மாங்குளம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)
தங்கச்சி, உங்கள் மகள் கேட்டது நிந்தனையன்று. காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் சைவ சித்தாந்தம் அளவைகளாக, அதாவது அறியும் வழிகளாகக் கொள்கிறது. புகையைக் கண்டு தீ உண்டென்பது கருதல். இவ்விரண்டுக்கும் எட்டாதவற்றுக்கே ஆகமத்தின் உரை. சுடரில் எரிவது எது என்பது காட்சிக்கும் கருதலுக்கும் உரிய கேள்வியாதலால், உரையைக் காட்டிப் பிள்ளையின் வாயை அடைப்பது சித்தாந்தத்துக்கே பொருந்தாது.

பதில் (மடு)
ஒரே உண்மையை ஒருவர் ஒரே நேரத்தில் அறியவும் விசுவசிக்கவும் இயலாது என்றார் 13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ். நிறுவிக் கண்டதற்கு விசுவாசம் தேவையில்லை; விசுவாசத்திலோ, சான்று கட்டாயப்படுத்தாத இடத்தில் மனம் சித்தத்தின், அதாவது விருப்பத்தின், உந்துதலால் இசைகிறது. இதை நான் படித்து விளங்கியதைவிட வீட்டில் விளங்கியதே அதிகம். என் தம்பி 2009இல் காணாமற்போனவர். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது அறியப்பட வேண்டிய செய்தி. அதற்குச் செபம் ஈடாகாது, ஆதாரம் வேண்டும் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எந்தப் பதில் வந்தாலும் மடுமாதா எங்களைக் கைவிடமாட்டா என்பது அம்மாவின் விசுவாசம். அதை எந்த ஆதாரமும் நிறுவப்போவதில்லை, மறுக்கப்போவதுமில்லை.

பதில் (கிளிநொச்சி, கமக்காரன்)
இவ்வளவு துல்லியமாக இரண்டையும் பிரிக்க முடியுமா என்பது என் ஐயம். சிறுபோக நெல் விதைப்புக் கூட்டத்தில் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்றுதான் முதலில் கேட்போம். விதைக்கும் ஏக்கர் அதைப் பொறுத்தது. கனகாம்பிகை அம்மனை நம்பி ஒருவரும் ஓர் ஏக்கர் கூட்டி விதைப்பதில்லை. ஆயினும் முதற்பிடி விதைநெல்லை அள்ளும்போது அம்மனை நினைக்காமல் என் கை எழுவதில்லை. அந்தப் பிடிக்குள் கணக்கு எது, நம்பிக்கை எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. சுடர் எதனால் எரிகிறது என்பது எனக்குத் தெரியாது என்று மகளிடம் ஒப்புக்கொண்டேன். அப்படியானால் ஏன் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். அதற்கு, நாங்கள் இடம்பெயர்ந்த நாட்களிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டியிருந்தது.