அம்மாவின் அறைக்கும் சுடுநீருக்கும் ஹீட் பம்ப்: மாத மின்செலவை எப்படிக் கணிப்பது?

கந்தப்பளை மகள்:

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது செங்கல் சுவரும் தகரக் கூரையும் அதன் கீழ் பலகைச் சீலிங்கும் உள்ள பழைய வீடு. அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் மாலை ஆறு மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை அவருடைய அறையில் 2,000 வாட் ஃபேன் ஹீட்டர் ஓடுகிறது. ஹீட்டர் இல்லாத மாதங்களில் 95 அலகுகளோடு நிற்கும் மின்பட்டியல், தை மாசியில் 230 அலகுகளையும் தாண்டிவிடுகிறது. நான்கு பேருக்கும் குளிக்கச் சுடுநீர் வெளியே விறகடுப்பில்தான் காய்கிறது.

சூடாக்கும் வசதியுள்ள 12,000 பி.ரி.யு. (வெப்ப வலுவின் அளவு) இன்வேர்ட்டர் ஏசி ஒன்றும், 200 லீற்றர் ஹீட் பம்ப் சுடுநீர்த் தொட்டி ஒன்றும் வாங்க யோசிக்கிறோம். இரண்டுமே வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தரும் ஹீட் பம்ப் வகைதான். ஏசியின் தகட்டில் 1,000 வாட் என்றிருப்பதால் ஐந்து மணி நேரப்படி மாதம் 150 அலகு போகும் என்று கடைக்காரர் கணக்குச் சொல்கிறார். ஹீட்டருக்கு ஆவதில் கால்வாசிதான் ஆகும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணா. எந்தக் கணக்கை நம்புவது?

நுவரெலியா மின்பணியாளர்:

வணக்கம் சகோதரி. கடைக்காரரின் பெருக்கல் இன்வேர்ட்டர் இயந்திரத்துக்குப் பொருந்தாது. அறை சூடானதும் அது வேகத்தைக் குறைத்து, அறை இழக்கும் வெப்பத்தை மட்டும் ஈடு செய்துகொண்டிருக்கும். ஆகையால் இயந்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் அறைக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்பதை முதலில் அறிய வேண்டும். அதை அளக்கும் கருவி உங்களிடமே இருக்கிறது. ஃபேன் ஹீட்டர் உண்ணும் ஒவ்வோர் அலகும் முழுமையாக வெப்பமாகவே வெளிவருவதால், ஹீட்டர் செலவழித்த அலகே அறை கேட்ட வெப்பம்.

குளிரான சில இரவுகளில் ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை வழக்கமான நிலையில் வைத்து, குளிர்சாதனப் பெட்டி உட்பட மற்றவற்றை முடிந்தவரை நிறுத்திவிட்டு, ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் மின்மானியைப் பாருங்கள். மானியின் இலக்கம் நுணுக்கமாகக் காட்டாவிட்டால் அதன் சிவப்பு விளக்கு மினுங்குவதைக் கவனியுங்கள். ஓர் அலகுக்கு எத்தனை மினுங்கல் என்பது, 1000 அல்லது 1600 என்பது போல, மானியின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்ததில், 12 சதுர மீற்றர் அறை, வெளிப்புறச் சுவர் இரண்டு, ஒற்றைக் கண்ணாடி யன்னல் ஒன்று, வெப்பக் காப்பு இல்லாத சீலிங் என்று எடுத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 90 வாட் வெப்பம் வெளியேறும். வெளியே 10 பாகை, உள்ளே 20 பாகை என்றால் 900 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 4.5 அலகு. மாதத்துக்கு 135 அலகு என்பது உங்கள் பட்டியல் காட்டும் ஏற்றத்தோடு ஒத்துப்போகிறது.

இதை சி.ஓ.பி. எண்ணால், அதாவது ஓர் அலகு மின்சாரத்துக்கு இயந்திரம் எத்தனை அலகு வெப்பம் தருகிறது என்பதால், வகுத்தால் ஹீட் பம்பின் செலவு கிடைக்கும். விளம்பரத்தில் வரும் எண் வெளியே 7 பாகை, உள்ளே 20 பாகை என்ற நிலையில் அளக்கப்படுவது. எங்கள் மாலைப்பொழுது பெரும்பாலும் அதைவிடக் கதகதப்பானது என்பது சாதகம். ஆனால் பனிக்காலத்தில் ஏசியின் வெளிப்பெட்டியில் உள்ள சுருள், சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை கூடுதலாகக் குளிர்ந்து, ஈரக் காற்றிலிருந்து உறைபனியைச் சேர்த்துக்கொள்ளும்; அதை உருக்க இயந்திரம் அவ்வப்போது பின்னோக்கி ஓடும். 1,900 மீற்றர் அளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதும் அதன் வலுவைச் சற்றுக் குறைக்கும். தகட்டில் 3.8 என்றிருந்தாலும் 3 என்று வைத்தே கணக்கிடுங்கள். 135ஐ 3ஆல் வகுத்தால் மாதம் 45 அலகு.

பண்டாரவளை கணக்காளர்:

அலகு தெரிந்தாலும் ரூபாய்க் கணக்கில் பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான்: மொத்தப் பட்டியலை மொத்த அலகுகளால் வகுத்து வரும் சராசரி விலையால் பெருக்கிவிடுகிறார்கள். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகுக்கு மேற்பட்டவர்களுக்கு 60, 90, 120, 180 என்று படிகள் உண்டு. 180க்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் அதிகூடிய விலை. நிலையான மாதக் கட்டணமும் நீங்கள் நிற்கும் படியைப் பொறுத்தே கூடுகிறது.

உங்கள் வீட்டில் 95 அலகு ஏற்கெனவே கீழ்ப்படிகளை நிரப்பிவிட்டது. ஃபேன் ஹீட்டரோடு 230. ஹீட் பம்போடு 140. மிச்சமாகும் 90 அலகில் 50 அலகு உச்சப் படியிலிருந்தும், 40 அலகு அதற்கு அடுத்த படியிலிருந்தும் கழிகின்றன. ஆகவே சராசரி விலை காட்டுவதைவிட உண்மையான மிச்சம் அதிகம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணங்களை அடிக்கடி திருத்துவதால், விலையைக் கடைசிப் பட்டியலிலிருந்தே எடுங்கள்.

தலவாக்கலை வாசகர்:

சுடுநீர்த் தொட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 860 லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க ஓர் அலகு வெப்பம் தேவை. ஆளுக்கு 40 லீற்றர் என்று நான்கு பேருக்கு 160 லீற்றர் நீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 4.7 அலகு. தொட்டி சும்மா நிற்கும்போது இழப்பது நாளுக்கு ஓர் அலகுக்கு மேல் வரலாம். தொட்டியில் நீரை 50 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டியிருப்பதால் சி.ஓ.பி. 2.7 அளவில்தான் நிற்கும். இரண்டையும் கூட்டி 2.7ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 2.2, மாதத்துக்கு 66 அலகு.

140ஓடு 66ஐக் கூட்டினால் குளிர்மாதங்களில் மீண்டும் 180ஐத் தாண்டிவிடுகிறீர்கள். விறகு தோட்டத்தில் கிடைப்பதாக இருந்தால் தொட்டிக்கு அவசரம் இல்லை என்பதே என் கருத்து. அம்மாவின் அறைதான் முதலில். பிற்பாடு வாங்கினாலும், நேரவாரிக் கட்டணம் (நாளின் நேரத்துக்கேற்ப விலை மாறும் முறை) இல்லாத வீட்டில் தொட்டி நண்பகலில் மட்டும் ஓடும்படி டைமர் வையுங்கள். வெளிக்காற்று கதகதப்பாக இருக்கும் அந்த வேளையில் அதே நீருக்குக் குறைந்த மின்சாரம் போதும். இரவு 10.30க்குப் பிந்திய மலிவு விலை நேரவாரிக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கே உரியது. அவர்கள்கூட நள்ளிரவுக் குளிரில் சி.ஓ.பி. குறைவதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கந்தப்பளை மகள்:

மிக்க நன்றி. அளந்து பார்த்தேன், ஓர் இரவுக்கு 4 முதல் 5 அலகு வரை வருகிறது. சீலிங்கின் மேல் காப்பு போட்டால் பயன் உண்டா?

நுவரெலியா மின்பணியாளர்:

நிச்சயமாக உண்டு. நான் சொன்ன 90 வாட்டில் 35 வாட் அளவு சீலிங் வழியாகவே போகிறது. இரண்டு அங்குலக் கல்பஞ்சு விரித்தாலே அதில் பெரும்பகுதி நிற்கும். அதை முதலில் செய்துவிட்டு ஹீட்டரோடு மறுபடியும் அளந்த பின்னரே ஏசியின் அளவைத் தீர்மானியுங்கள். 12,000 பி.ரி.யு. என்பது 3.5 கிலோவாட், உங்கள் அறைக்கு 9,000 தாராளமாகப் போதும். பெரிய இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடி மின்சாரத்தை வீணாக்கும். நம் நாட்டுக் கடைகளில் குளிரூட்ட மட்டுமே செய்யும் மாதிரிகள் நிறைய இருப்பதால், காசு கொடுக்கும் முன் ரிமோட்டில் சூடாக்கும் நிலை இருக்கிறதா, தகட்டில் சூடாக்குவதற்கான வாட் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.