புது வீட்டுப் பைப் வேலையை எப்படிப் பார்ப்பது?

அண்ணைமார், அக்காமார், கோண்டாவில் பக்கம் 2 பரப்புக் காணியில் கட்டி முடித்த மாடி வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். ரைல்ஸ், பெயின்ற் எல்லாம் பளபளப்பு. பயம் சுவருக்குள் இருக்கும் பைப்பில்தான்.

ஞாயிற்றுக்கிழமை போய் மேல்மாடிப் பைப் இரண்டைத் திறந்துவிட்டு ஷவரையும் திறந்தேன். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. தாங்கி ஷவரிலிருந்து 2 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது, அதற்கு 0.2 பார் அழுத்தம்தான் வரும், சரி. ஆனால் கீழேயும் அதே கதை என்றால்? பேசினுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கழிவுப் பைப்பில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவே இல்லை, நேராகச் சுவருக்குள் போகிறது. நாற்றம் வராமல் என்ன செய்யும்? மூட்டு ஒன்றில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அது வழமைதான், ஆனால் ஆளே குடிவராத வீட்டில் அது கசிவு இல்லாமல் வராதே. கேட்டதற்கு, "அது ஒன்றுமில்லைத் தம்பி" என்றார் விற்பவர்.

சுவரை உடைக்காமல் பைப்பை அழுத்தம் ஏற்றிச் சோதித்துத் தரும் பிளம்பர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா? எவ்வளவு நேரம் அழுத்தம் இறங்காமல் நின்றால் நம்பலாம்? மலக்குழி கிணற்றிலிருந்து என் கால் எட்டுக்கு 14 எட்டுத்தான். சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவு சுலபமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும், அதனால் அதுவும் யோசனை. அடுத்த வெள்ளிக்குள் முற்பணம் கேட்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.