நீலகிரிச் சதுப்பில் ஒரு அழுகண்ணி: அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம். நீலகிரி மேல்மலையில், சோலை ஓரத்து ஊற்றுச் சதுப்பில் ஒரு ட்ரோசெரா (பூச்சியுண்ணும் அழுகண்ணிச் செடி) கூட்டம் பார்த்தேன். நிமிர்ந்த தண்டு, பிறை வடிவ இலை, நுனியெல்லாம் பசைத்துளி. பழைய தாவர நூல்களில் இது ட்ரோசெரா பெல்டேட்டா. ஆசியச் செடிகளை இப்போது ட்ரோசெரா லுனேட்டா என்று பிரிக்கிறார்கள்.

குழப்பம் புல்லியிதழில்தான் (பூவின் அடியில் இருக்கும் பச்சை இதழ்). பக்கத்துச் சதுப்புச் செடிகளில் அதன் விளிம்பில் நுண்மயிர் இருக்கிறது. இங்கே சுத்தமாக இல்லை, வழவழவென்று இருக்கிறது. பூவும் வெள்ளையாக இல்லாமல் வெளிர் ரோஜா நிறம். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் செடியான ட்ரோசெரா ஆரிகுலேட்டாவுக்கும் மயிரற்ற புல்லிதான், ஆனால் அது இந்திய மலைச் செடி இல்லையே!

புதிய துணைச்சிற்றினம், அதாவது இதே இனத்தின் ஓர் உட்பிரிவு, என்கிறார் நண்பர். ஒரே கூட்டத்தை வைத்து அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஈரமும் வெயிலும் செடியை எப்படியெல்லாமோ மாற்றும்.

கொடைக்கானல், மூணாறு பக்கம் எடுத்த படங்கள் இருந்தால், புல்லியிதழ் தெளிவாகத் தெரிகிறவற்றைப் போடுங்கள். விதையை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் யாராவது உண்டா? ஆரிகுலேட்டா விதை நீண்டு மெலிந்திருக்கும், பெல்டேட்டா விதை முட்டை வடிவம். கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தின் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) பழைய மாதிரிகளைப் பார்த்த அனுபவம் உள்ளவர்களும் வழி சொல்லுங்கள்.

சரியான இடத்தை இங்கே எழுதமாட்டேன். மருந்துக்கென்று வேரோடு பிடுங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.