முதல் கேள்விக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை: 'நெர்வஸ்'

ம. (அல்சூர், பெங்களூரு):
நண்பர்களே, ஆங்ஷைட்டி எவ்வளவு என்று அளக்கும் ஜி.ஏ.டி-7 வினாப்படிவத்தை வாய்விட்டு வாசிக்கத் தோதான தமிழில் எழுதுகிறோம். திங்களன்று அச்சு. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 10-ஐத் தொட்டால் மருத்துவர் விரிவாகப் பார்ப்பார். முதல் கேள்வியிலேயே நெர்வஸ், ஆங்ஷியஸ், ஆன் எட்ஜ் மூன்றும் சேர்ந்து வருகின்றன. இங்கே பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்கக் கன்னடம்தான்.

வே.:
'நடுக்கு' இருக்கிறதே! தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில், நகை, அழுகை முதலான எட்டு மெய்ப்பாடுகளுக்கு அப்பால் வரும் முப்பத்திரண்டில் வெரூஉதல், வியர்த்தல், நடுக்கு எல்லாம் உண்டு. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு காரணம் சொல்லியாயிற்று. காரணமில்லாததற்கு 'வெருவு' என்று வைக்கலாம்.

ம.:
ஐயா, நடுக்கு உண்டா என்றால் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

ச.:
லத்தீன் 'நெர்வுஸ்' தசைநாண், வில்நாண், யாழ்நரம்பு எல்லாவற்றுக்கும் பெயர். நம் நரம்பும் யாழில் உண்டு. 'நரம்பதிர்வு' எப்படி? நெர்வுஸே நரம்பிலிருந்து போனது என்பது என் துணிபு.

தி. (சிவாஜிநகர், பெங்களூரு):
நெர்வுஸ் வடமொழி 'ஸ்னாவன்' குடும்பம், நரம்பு அல்ல. விடுங்கள். நரம்பு என்றாலே லாட்ஜ் வைத்தியர் விளம்பரத்து நரம்புத் தளர்ச்சிதான். ஆண்கள் எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிட்டு எழுந்து போவார்கள்.

இங்கே பெரிய வம்பு கன்னட 'ஆதங்க'. அவர்களுக்கு அது ஆங்ஷைட்டி, நமக்கு மனக்குறை. வாசிப்பவர் பழக்கதோஷத்தில் 'ஆதங்கமா இருக்கா' என்று கேட்டால், மகன் போன் பண்ணாததற்கும் 3 விழும்.

கா. (யாழ்ப்பாணம்):
எங்கட பக்கம் 'பதகளிப்பு' எண்டு சொல்லுறது.

தி.:
அருமையான சொல். சிவாஜிநகரில் செல்லாது.

ம.:
'மனசு படபடப்பா, கவலையா, நிலைகொள்ளாம இருந்துச்சா?' சரியா?

தி.:
கவலை 2, 3-ஆம் கேள்விகளுக்கு உரியது. நிலைகொள்ளாமை 5-இல் வருகிறது. 'என்ன ஆகுமோ' என்று மாற்றினால், ஏதோ கெட்டது நடக்குமோ என்ற பயத்தைக் கேட்கும் 7-உடன் மோதும். ஒரே தொல்லையை இரண்டு இடத்தில் எண்ணிவிடுவோம். படபடப்பு இருக்கட்டும், ஆனால் 'மனசு' விட்டுப்போகக் கூடாது. விட்டால் தைராய்டுக்காரர்கள் நெஞ்சுத் துடிப்பைச் சொல்வார்கள். 'மனசு படபடப்பா, பதட்டமா, திக்குதிக்குன்னு இருந்துச்சா?'

வே.:
பதறு + அம் பதற்றம். பதட்டம் என்று ஒரு சொல்லே இல்லை.

தி.:
பதற்றம் நாளிதழில் கலவரத்துக்குப் போய்விட்டது, ஐயா. 'எங்க ஏரியால ஒண்ணும் இல்லீங்க' என்பார்கள்.

ம.:
பெரும்பான்மை பதட்டம். அப்படியே அனுப்புகிறேன்.

வே.:
அனுப்புங்கள். நன்றியுரையில் என் பெயர் வேண்டாம்.