முதல் ஹாலோவீனுக்கு கப்கேக்: முதலில் ஓவனைக் காலி செய்யுங்கள்

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஹாலோவீன் பாட்லக்குக்கு, அதாவது ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இனிப்பு கொண்டுவரச் சொன்னார்கள், பேக்கிங் பழக்கமே இல்லை, என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அமெரிக்காவுக்கு வந்து மூன்று மாதம்தானாம். பதில் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, முதலில் ஓவனைத் திறந்து உள்ளே இருக்கும் தோசைக்கல், வாணலி, குக்கர் மூடி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சிரிக்காதீர்கள். இங்கே நம்மவர் வீடுகளில் ஓவன் என்பது பாத்திர அலமாரிதானே. நியூ ஜெர்சிக்கு வந்த முதல் அக்டோபரில் நான் ஓவனைச் சூடாகப் போட்டுவிட்டு மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட வாணலி இருந்தது நினைவிலேயே இல்லை. புகை அலாரம் அலறியதில் மேல் வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். அந்த நாற்றம் தீபாவளி வரைக்கும் போகவில்லை.

அடுத்தது, செய்ததை யாருக்குக் கொடுக்கலாம் என்ற விஷயம். கேக் சுடுவதை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டுவிடலாம், இதைத்தான் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். உங்களை அறிந்தவர்கள் கூடும் பாட்லக்குக்கு வீட்டில் செய்ததைத் தாராளமாக எடுத்துப் போகலாம். ஆனால் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31-ஆம் தேதி மாலை வேஷம் போட்டுக்கொண்டு கதவைத் தட்டும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பலகாரம் கொடுக்க வேண்டாம். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாய் மட்டும்தான். யார் வீட்டில் எப்படிச் செய்தது என்று தெரியாத பண்டத்தைப் பெற்றோர் குப்பையில்தான் போடுவார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. பள்ளி என்றால் முன்கூட்டியே டீச்சரிடம் கேளுங்கள். நான் கேட்காமல் இருபத்து நான்கு கப்கேக் கொடுத்தனுப்பினேன். மகன் டப்பாவைத் திறக்காமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்தான். லேபிள் ஒட்டிய கடைச் சரக்கை மட்டும் அனுமதிக்கும் பள்ளிகள் நிறைய உண்டு.

சரி, கேக்குக்கு வருவோம். பூசணி கப்கேக் செய்யுங்கள், அதைக் கெடுப்பது கஷ்டம். வாசலில் முகம் வெட்டி வைக்கும் பெரிய பூசணி சமையலுக்கு ஆகாது, ஒரே நாரும் தண்ணீரும். டப்பாவில் வரும் பம்ப்கின் ப்யூரே, அதாவது மசித்த பூசணி விழுது வாங்குங்கள். 15 அவுன்ஸ், அதாவது 425 கிராம் டப்பா போதும். அதே அலமாரியில், ஏறக்குறைய அதே படத்தோடு பம்ப்கின் பை மிக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதை எடுத்துவிடாதீர்கள்.

'பம்ப்கின் பை ஸ்பைஸ்' என்று ஒரு குட்டி பாட்டிலைத் தேடி அலையவும் வேண்டாம். பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் பொடிதான் அது. பெரும்பாலும் ஆல்ஸ்பைஸ் என்ற மிளகு போன்ற மசாலாவும் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. அம்மா கட்டிக்கொடுத்த அஞ்சறைப் பெட்டியிலும் மருந்துப் பொட்டலத்திலுமே எல்லாம் கிடைத்துவிடும். பட்டைப்பொடி ஒரு டீஸ்பூன், சுக்குப்பொடி அரை, ஜாதிக்காய் கால், கிராம்பு ஒரு சிட்டிகை. கிராம்பு கூடினால் பல்வலிக்கு மருந்து போட்ட மாதிரி ஆகிவிடும், ஜாக்கிரதை.

12 கப்கேக்குக்கு: மைதா 1½ கப், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், பேக்கிங் சோடா ½ டீஸ்பூன், உப்பு ½ டீஸ்பூன், மேலே சொன்ன மசாலா. இதை ஒரு பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள். இன்னொன்றில் முட்டை 2, சர்க்கரை 1 கப், எண்ணெய் ½ கப், ப்யூரே 1 கப். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம், மணம் தூக்கும். இரண்டையும் சேர்த்து, மாவு கண்ணில் படாமல் மறையும் வரை கிளறினால் போதும், அடித்துப் பிசையக் கூடாது. கடையில் மைதா என்று கேட்டால் தெரியாது, ஆல் பர்ப்பஸ் ஃப்ளவர் என்று எழுதியிருக்கும். செல்ஃப் ரைசிங் என்று போட்ட பையைத் தொடாதீர்கள், அதில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே இருக்கிறது.

ஓவன் 350 டிகிரி. இது ஃபாரன்ஹீட். ஊரில் யூட்யூப் பார்த்து 180 வைத்துப் பழகியவர்கள் இங்கேயும் 180 வைக்கப் பார்த்து, ஓவன் ஏன் சூடாகவே இல்லை என்று கேட்பது உண்டு. பேப்பர் கப்பில் முக்கால் அளவு மாவு விட்டு 20 முதல் 22 நிமிடம். பல்குத்தும் குச்சியால் நடுவில் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். அப்புறம் ஒரு மணி நேரம் கை வைக்காமல் ஆற விடுங்கள். சூட்டோடு மேலே எதைத் தடவினாலும் வழிந்துவிடும்.

அலங்காரத்தில் பேராசை வேண்டாம். மம்மி, கல்லறை, வௌவால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் காட்ட நினைத்தால் விடிந்துவிடும். நான் முதல் முறை வெள்ளை பட்டர்கிரீமில் (வெண்ணெயும் பவுடர் சுகரும் அடித்த கிரீம்) கறுப்புச் சொட்டு கலரை ஊற்றினேன். சாம்பல்தான் வந்தது. இன்னும் ஊற்றினேன், கிரீம் தளர்ந்து ஓடியது. கறுப்பு வேண்டுமானால் கோகோ கலந்த கிரீமில் தொடங்கி, ஜெல் கலர் சேர்த்து, சில மணி நேரம் அப்படியே விடுங்கள், நிறம் தானாக ஆழும். ஆனால் தின்றவர் பல்லும் உதடும் கறுத்துப்போகும்.

அதைவிடச் சிலந்தி வலை சுலபம், பார்க்கவும் அழகு. ½ கப் ஹெவி கிரீமை (கொழுப்பு அதிகமுள்ள பால் கிரீம்) ஓரத்தில் குமிழ் வரும் வரை சுடவைத்து, 1 கப் சாக்லேட் சிப்ஸ் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்துக் கலக்குங்கள். பளபளவென்று வரும். ஆறிய கப்கேக்கைத் தலைகீழாக அதில் முக்கி எடுங்கள். இன்னொரு கிண்ணத்தில் பவுடர் சுகர் ½ கப், பால் 2 டீஸ்பூன். இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவான பதம் வேண்டும், கெட்டியாக இருந்தால் பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஜிப்லாக் பையில் போட்டு மூலையைத் துளியூண்டு வெட்டி, சாக்லேட் காய்வதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் வரையுங்கள். குச்சியை நடுவில் வைத்து ஓரம் வரை எட்டுத் திசைக்கும் இழுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் முனையைத் துடையுங்கள். துடைக்காவிட்டால் வலை கலங்கிய குட்டையாகிவிடும். வாசலில் கோலம் போட்டு வளர்ந்த கைக்கு இது நாலாவது கப்கேக்கில் பிடிபட்டுவிடும். ஒவ்வொன்றாக முக்கி, வரைந்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

மேலே மார்ஷ்மெல்லோ வைக்குமுன் யோசியுங்கள். சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, அது பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பது. மூன்று நிறத்தில் வரும் கேண்டி கார்ன் மிட்டாயிலும் பல கம்பெனிகள் ஜெலட்டின் சேர்க்கின்றன, அதன் பளபளப்புக்கு அரக்குப் பூச்சியின் பிசினையும் பூசுகிறார்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், இஸ்லாமியர், யூதர் யாராவது வருவார்கள்.

அப்புறம் பாயசத்துக்குப் போடுகிற ஞாபகத்தில் முந்திரியைத் தூவிவிடாதீர்கள். இங்கே சட்டப்படி லேபிளில் சொல்ல வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது. பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகையறா, மீன், இறால் நண்டு வகை. 2023 முதல் எள்ளும் சேர்ந்துவிட்டது. ஒரு சின்ன அட்டையில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதித் தட்டின் முன் வையுங்கள். எங்கள் தெருவில் என் கேக்கை நம்பிப் பிள்ளைகள் தொட ஆரம்பித்தது அந்த அட்டைக்குப் பிறகுதான். சில வீட்டு வாசலில் மயில்கழுத்து நிறத்தில் பூசணி வைத்திருப்பார்கள். மிட்டாய்க்குப் பதில் பொம்மை, ஸ்டிக்கர் போல சாப்பிடாத பரிசும் இங்கே கிடைக்கும் என்று அர்த்தம்.

முட்டை இல்லாமல் செய்யலாமா என்று இன்னொரு தங்கை கேட்டிருக்கிறார். தாராளமாக. ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர். கொஞ்சம் கனமாக வரும், இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டும். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-இல் வந்தபோது நான் அப்படித்தான் செய்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சிலந்தி வலை இழுத்த ஒரே தீபாவளி அதுதான்.

டப்பாவில் மிச்சமிருக்கும் முக்கால் கப் ப்யூரேயைச் சப்பாத்தி மாவில் பிசைந்துவிடுங்கள். வாசலில் வெட்டி மெழுகுவத்தி ஏற்றி வைத்த பூசணியைக் கூட்டு வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், அது வெளியே கிடந்து கெட்டது. வெட்டும்போது எடுத்த விதையை மட்டும் கழுவிக் காயவைத்து, உப்பு, மிளகாய்த்தூள், சொட்டு எண்ணெய் விட்டுப் புரட்டி 300 டிகிரியில் அரை மணி நேரம் வறுங்கள், நடுவே ஒரு முறை கிளறிவிட்டு. அதற்கு முன்னால் ஓவனுக்குள் வாணலி திரும்பப் போய்விட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.