34 வயதில் ஸ்கோலியோசிஸ்: 38 டிகிரி வளைவு நிமிருமா?

கேள்வி:
எனக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. மார்பு முதுகில் வலப்பக்கம் வளைவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் 35 டிகிரி, இப்போது 38. ஏறிக்கொண்டே போகிறதா? பெல்ட் போட்டால் நிமிருமா, இல்லை ஆபரேஷன்தானா?

பதில் 1:
3 டிகிரிக்குப் பயப்படாதீங்க. ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வரை முன்னே பின்னே வரும். இரண்டு படமும் நின்றபடி எடுத்ததா, அதே முள்ளெலும்புகளில் கோடு போட்டு அளந்ததா என்று பாருங்க. படுத்து எடுத்தால் வளைவு குறைத்துத்தான் காட்டும்.

எலும்பு வளர்ச்சி முடிந்தபின் 30க்குக் கீழே உள்ள வளைவு பெரும்பாலும் அப்படியே நிற்கும். 50ஐத் தாண்டிய மார்பு வளைவு வருஷத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி கூடும். உங்களுடையது இடைப்பட்டது, கண்காணித்தால் போதும்.

பெல்ட் வளரும் பிள்ளைகளுக்குத்தான் வளைவு ஏறாமல் தடுக்கும். இந்த வயதில் நிமிர்த்தாது. வலி அதிகமான நாளில் சில மணி நேரம் போடலாம். நாள் முழுக்கப் போட்டால் முதுகுத் தசை வலுவிழக்கும்.

பதில் 2:
ஷ்ராத் முறை (ஸ்கோலியோசிஸுக்கான உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி) தெரிந்த பிசியோவிடம் போங்க. கண்ணாடி முன் ஸ்டூலில் இரண்டு பிட்டத்திலும் சமமாக எடை வைத்து உட்காருங்க. உச்சந்தலையை மேலே இழுப்பதுபோல் முதுகை நீட்டணும். வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து இடப்பக்கம் குழிந்த விலாவில் வைத்து, அந்தக் கை வெளியே தள்ளப்படும்படி மூக்கால் மூச்சை இழுங்க. மூச்சை விடும்போது விலா மறுபடி உள்ளே விழாமல் தசையை இறுக்கிப் பிடிக்கணும். தவறு நடப்பது இங்கேதான்: வலப்பக்க மேட்டை உள்ளே தள்ள உடம்பைச் சாய்த்துவிடுவார்கள், அப்போது இடுப்பு வளைவு கூடிவிடும். கண்ணாடி அதற்குத்தான்.

எக்ஸ்ரேயில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீங்க. வலியும் களைப்பும் குறைவதுதான் பலன்.

பதில் 3:
ஆபரேஷன் பற்றி: 50க்கு மேல் போய் இன்னும் ஏறினால், நரம்பு நசுங்கினால், உடம்பு ஒரு பக்கமோ முன்னாலோ சாய்ந்தால் யோசிப்பார்கள். அதில் முதுகெலும்பில் பொருத்தும் ஸ்க்ரூவும் ராடும் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை தற்காலிகப் பிடிமானம்தான். எலும்பு ஒட்டி வளர ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். ஒட்டாமல் போனால், திரும்பத் திரும்ப மடக்கிய கம்பிபோல ராடு ஒடியும். அதனால் புகையிலை எந்த வடிவிலும் கூடாது. முதல் மூன்று மாதம் குனிவது, கனம் தூக்குவது, முறுக்குவது வேண்டாம். எழும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டுக் கையூன்றி எழணும்.

கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போயிடுங்க.