தோலில் அடித்த பூ காய்ந்ததும் மங்கிவிடுகிறது, எங்கே தவறு?

கேள்வி:
மூன்று வாரமாகத் தோலில் செதுக்கிப் பழகுகிறேன். சுழல் கத்தியால் பூவின் கோட்டைக் கீறி, ஓரத்தைப் பெவலர் (கோட்டின் ஓரத்தைச் சரிவாக அழுத்தும் முத்திரைக் கருவி) வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குகிறேன். அடித்ததும் எடுப்பாகத் தெரியும் பூ, காய்ந்தால் மங்கிப்போகிறது. வளைவுகளில் கத்தி வேறு சிக்கி இழுக்கிறது. பழைய கைப்பையிலிருந்து வெட்டிய தோல்தான். தண்ணீரில் நன்றாக ஊறவைக்கிறேன். எதை மாற்றுவது?

பதில் 1:
முதலில் தோலை மாற்றுங்கள். கைப்பைத் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டது. அது ரப்பர் மாதிரி எழும்பிவிடும், பதிவு நிற்காது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும், அதுவும் சாயமோ மேல்பூச்சோ இல்லாமல். 3 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் பழக வசதி.

அப்புறம் தண்ணீர். நானும் ஆரம்பத்தில் ஊறவைத்தேன். அடிக்க அடிக்கத் தோல் களிமண்ணாகக் குழைந்து, ஒரு முழு இலைக்கொடி வீணானது. அன்று அழுகையே வந்துவிட்டது. இப்போது ஸ்பாஞ்சால் நனைத்துவிட்டுக் காத்திருப்பேன். கருத்த நிறம் தெளிந்து கிட்டத்தட்ட பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும், கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். அதுதான் பதம். அந்த நேரத்தில் அடித்தால் பள்ளம் பழுப்பாகக் கருக்கும். அந்தப் பழுப்பைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். இரும்புப் பாத்திரத்தில் மட்டும் நனைக்காதீர்கள், கறை பிடிக்கும்.

பதில் 2:
கத்தி இழுப்பது முனை மழுங்கியதால். ஒரு தோல் பட்டையில் மெருகுப் பசை தடவி, சில கோடுகளுக்கு ஒருமுறை அலகைப் பின்னோக்கி இழுத்துத் தீட்டுங்கள். ஆழம் தோலின் பாதியைத் தாண்டக் கூடாது.

கேட்டவர்:
நகத்தால் அழுத்திப் பார்த்தேன். என் தோலில் தடம் நிற்கவே இல்லை! சரி, வேறு தோல் வாங்குகிறேன். பெவலர் அடித்த இடம் படிக்கட்டு மாதிரித் தெரிகிறதே, அதற்கு?

பதில் 1:
ஒவ்வோர் அடிக்கும் பெவலரைத் தூக்கி வைக்காதீர்கள். கோட்டை ஒட்டியே நகர்த்தி, முந்தைய தடத்தின் மேல் பாதிக்கு மேல் ஏறும்படி அடியுங்கள். இரும்புச் சுத்தியல் கருவியின் தலையைக் கெடுக்கும், பாலி (பிளாஸ்டிக்) சுத்தியல் எடுங்கள். அடியில் கனமான கிரானைட் பலகை இருக்கட்டும்.